திறப்பு விழாவுக்கு முன்பே கொட்டிய கதண்டுகள்

கட்டில், மெத்தை, காங்கிரீட் கூரை ஆகிய மூன்றும் மனித உடம்புக்கு ஆகாதவை என்று பெருநகரங்களில் கண்டுபிடித்து நாலைந்து வருடங்கள் இருக்கும். அந்தச் செய்தி கம்பம் பள்ளத்தாக்குக்கு வந்து சேரத் தாமதமாகிவிட்டது. அதனால் ஓடைப்பட்டியில் நாங்கள் விவரம் தெரியாமல் ஆளாளுக்கு ஓட்டுக் கூரையைப் பிரித்துவிட்டு மாடி கட்டிக்கொண்டிருந்தோம். போன தை மாதம், ஊருக்கு வெளியே திராட்சைத் தோட்டங்களை ஒட்டிய தரிசில் 'பள்ளத்தாக்குக் கூடாரப் பெருவிழா' என்று முந்நூறு கூடாரம் முளைத்தபோதுதான் எங்களுக்குக் கண் திறந்தது.

சென்னை, பெங்களூர், கொச்சி ஆகிய ஊர்களிலிருந்து தரையில் படுப்பதற்காக ஏசி பஸ்ஸில் வந்து இறங்கினார்கள். வந்தவர்கள் முதல் வேலையாகச் செருப்பைக் கழற்றிவிட்டுத் திராட்சைப் பந்தலுக்குக் கீழே ஈர மண்ணில் கால் மணி நேரம் நின்றார்கள். அதற்கு மண் சிகிச்சை என்று பெயர். எப்படி நிற்க வேண்டும் என்று சொல்லிக்கொடுக்கப் பெங்களூரிலிருந்து ஒரு பயிற்சியாளர் வந்திருந்தார். அதே மண்ணில் முப்பது வருடமாக நின்றுகொண்டிருக்கிற ஒச்சாண்டி அண்ணன், மண்வெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தார். "இதுக்கு இம்புட்டு தூரம் வரணுமா? அவுக ஊருல மண்ணு தீந்துபோச்சோ?" என்று என்னிடம் மெதுவாகக் கேட்டார். விழாவுக்குக் குழி தோண்ட அவரைக் கூப்பிட்டிருந்தார்கள்.

நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். பெயர் விஜயகுமார். ஓடைப்பட்டி மெயின் ரோட்டில் உரம், பூச்சி மருந்துக் கடை. அந்த விழாவின் அவசரகாலத் தன்னார்வலர் படையில் நான் பதினேழாம் எண். சேர்ந்ததற்குக் காரணம் சமூகத் தொண்டு என்று படிவத்தில் எழுதியிருந்தேன். உண்மையான காரணம் அவர்கள் கொடுத்த ஆரஞ்சு ஜாக்கெட். அதில் ஏழு பைகள் இருந்தன.

எங்கள் படைக்குத் தலைவர் சசிதரன். எங்கள் ஊர்ப் பிள்ளைதான். பெங்களூரில் கம்ப்யூட்டர் கம்பெனியில் இருந்துவிட்டு, இயற்கையோடு வாழ்வதற்காக ஊர் திரும்பியவர். அவருடைய பதவியின் பெயர் 'அவசரகாலக் கட்டளை அதிகாரி'. அந்தப் பதவிக்கு இடுப்பில் ஒரு வாக்கிடாக்கியும் கழுத்தில் மூன்று விசில்களும் உண்டு.

மருத்துவப் பிரிவில் சேர ஒரே ஒரு தகுதிதான். ஆன்லைனில் மூன்று மணி நேர முதலுதவிப் பயிற்சி முடித்துச் சான்றிதழ் வைத்திருக்க வேண்டும். நான் வைத்திருந்தேன். பயிற்சி வீடியோ ஓடிக்கொண்டிருந்தபோது கடையில் யாவாரம் பார்த்தேன். இன்சூரன்ஸ் ஏஜெண்ட் மலைச்சாமியும் வைத்திருந்தார். தேனியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் எட்டு வருடமாக நர்ஸாக இருக்கும் யுவராணியிடம் மட்டும் அது இல்லை. நர்சிங் பட்டம்தான் இருந்தது.

"பட்டத்தை அப்லோட் பண்ண எங்க ஃபார்ம்ல இடம் இல்லையே சிஸ்டர்," என்றார் சசிதரன்.

"நாலு வருசம் படிச்சிருக்கேன் சார்."

"இருக்கலாம். ஆனா அந்த மூணு மணி நேரம் நீங்க படிக்கலையே."

யுவராணிக்குப் பச்சை ஜாக்கெட் கொடுத்து, வேலிக்கு வெளியே வண்டி நிறுத்தும் இடத்துக்கு அனுப்பிவிட்டார்கள். லீவு போட்டுவிட்டு வந்த பெண். முகம்கூடக் கோணாமல் போய், கார்களை வரிசையாக நிற்கவைத்தார்.

விழாவின் நடுநாயகம் முதலுதவிக் கூடாரம்தான். வெள்ளைத் துணி, சுற்றிலும் பலூன், உள்ளே கட்டில், ஆக்சிஜன் சிலிண்டர், ஒரு பெரிய மருந்துப் பெட்டி. பெட்டிக்குச் சந்தனம் குங்குமம் வைத்திருந்தது. வாசலில் குறுக்கே ஒரு சிவப்பு ரிப்பன். பக்கத்தில் ஒரு பலகை: 'அவசரகால முதலுதவி மையம். திறந்து வைப்பவர்: திரு. சுரேஷ்கண்ணன் அவர்கள், கூடுதல் இணை இயக்குநர் (பொறுப்பு), திறந்தவெளி ஓய்வு மேம்பாட்டு வாரியம்.' அப்படி ஒரு வாரியம் இருப்பதே அந்தப் பலகையைப் பார்த்துதான் எங்களுக்குத் தெரியும். விழா காலை ஏழு மணிக்கே தொடங்கிவிட்டது. திறப்பு விழா மாலை மூன்று மணிக்கு.

இதனால் ஏழு மணிக்கும் மூன்று மணிக்கும் நடுவில் வந்த நோயாளிகளை என்ன செய்வது என்ற கேள்வி எழுந்தது. சசிதரன் அதற்கு வழி கண்டுபிடித்தார். டோக்கன். காலையிலிருந்து ஐந்து தலைவலி, ஒரு சுளுக்கு, இரண்டு வயிற்றுப்போக்கு ஆகியவற்றை முறைப்படி பதிவு செய்து டோக்கன் கொடுத்திருந்தோம். மூன்று மணி வரை காத்திருக்க எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். வயிற்றுப்போக்குக்காரர்களும் ஒப்புக்கொண்டார்கள். அவர்கள் வயிறுதான் ஒப்புக்கொள்ளவில்லை.

மூன்று மணி ஆயிற்று. ஐயா வரவில்லை. முகாமில் எல்லோரும் 'கைபேசி விரதம்' இருந்ததால் எங்கள் போன்களெல்லாம் ஒரு மரப்பெட்டிக்குள் பூட்டிக் கிடந்தன. வேலிக்கு உள்ளே சசிதரனிடம் மட்டும் போன் இருந்தது. பேசிவிட்டு வந்து சொன்னார்:

"ஐயா வீரபாண்டி தாண்டிட்டாக."

அந்த நல்ல சேதியைப் படம் பிடித்து வைப்பதுபோல அப்போது ட்ரோனைப் பறக்கவிட்டார்கள். அது கூடாரங்களுக்கு மேலே ஒரு சுற்று வந்தது. பிறகு, வரவேற்பு வளைவு நடவேண்டிய இடத்துக்குப் பக்கத்தில் நின்ற பனைமரத்தின் உச்சிக்குப் போய், ஓலைக்குள் புகுந்துவிட்டது. உள்ளே விஷக் குளவியான கதண்டின் கூடு இருந்தது. ஊரில் எல்லோருக்கும் தெரியும். விழாக்குழுவும் அதைக் 'கவனிக்க வேண்டிய இடர்கள்' பட்டியலில் நாலாவதாக எழுதி, கவனித்தாயிற்று என்று டிக் அடித்திருந்தது.

பனைமரத்துக்குக் கீழே குழி தோண்டிக்கொண்டிருந்தவர் ஒச்சாண்டி அண்ணன்.

விரலளவு கதண்டுகள். தலையிலும் கழுத்திலும் முதுகிலும் பத்துப் பன்னிரண்டு கொட்டிவிட்டன. துண்டால் தலையை மூடிக்கொண்டு ஓடிவந்து எங்கள் எதிரில் உட்கார்ந்தார். நானும் மலைச்சாமியும் ஸ்ட்ரெச்சரை விரித்து அவரைப் படுக்கவைத்தோம். அதை நாங்கள் சரியாகவே செய்தோம். ஒரு மூட்டை யூரியாவை வைத்து மூன்று நாள் ஒத்திகை பார்த்திருந்தோம். தூக்கிக்கொண்டு ஓடி, முதலுதவிக் கூடாரத்தின் வாசலுக்கு வந்து நின்றோம். குறுக்கே ரிப்பன்.

பக்கத்துத் தோட்டத்தில் திராட்சை வெட்டிக்கொண்டிருந்த அண்ணன் சம்சாரம் ராமுத்தாய் மதினி, குலை வெட்டுகிற கத்தரியைக்கூடக் கீழே போடாமல் ஓடிவந்தார்.

"என்னய்யா இங்கன நின்னுட்டீக? உள்ள கொண்டு போங்க!"

"ரிப்பன் இருக்கே மதினி," என்றேன். இன்றைக்கு வரை அந்த வார்த்தையை நினைத்தால் எனக்கு உடம்பு கூசுகிறது. ஆனால் அப்போது அது நல்ல பதிலாகத்தான் தோன்றியது.

சசிதரன் மூன்று விசிலில் நடுவிலுள்ளதை ஊதிக்கொண்டு வந்தார். கையில் படிவம்.

"பேஷண்ட் கையில பட்டை எங்க? நம்பர் சொல்லுங்க."

"பட்டையெல்லாம் முகாமுக்கு வந்தவுகளுக்குத்தான தம்பி. நான் குழி தோண்ட வந்தவன்," என்றார் ஒச்சாண்டி அண்ணன். படுத்திருக்கும்போதும் எழுந்திருக்கப் பார்த்தார். படித்த பிள்ளை எதிரில் நிற்கிறதே என்ற மரியாதை.

"அப்ப டோக்கன் போட்டு வச்சிருவோம். விஜயகுமார், எத்தனாவது?"

"ஒம்போது," என்று எழுதி, டோக்கனை அண்ணன் கையில் கொடுத்தேன். வாங்கிச் சட்டைப்பையில் பத்திரமாக வைத்துக்கொண்டார்.

"பேசுறாரு. அதனால பச்சை," என்று சசிதரன் படிவத்தில் குறித்தார். எங்கள் முறைப்படி நோயாளிகள் மூன்று நிறம். பச்சை என்றால் காத்திருக்கலாம். மஞ்சள் என்றால் கவனமாகக் காத்திருக்கலாம். சிவப்பு என்றால்தான் அவசரம்.

ஒச்சாண்டி அண்ணனுக்கு முகம் வீங்கிக்கொண்டே வந்தது. இரண்டு கண்ணும் மூடிக்கொண்டன. உதடு தடித்தது. "நாக்கு தடிக்குது தம்பி" என்று அவர் சொன்னது குழறலாக விழுந்தது. சசிதரன் நேர்மையானவர். உடனே பச்சையை அடித்துவிட்டு மஞ்சள் என்று எழுதினார்.

"ஏலே சசி! நீ சட்டி பானை வச்சு வெளையாண்ட காலத்துலருந்து ஒனக்கு இவரத் தெரியும்லடா! மூச்சுக்கு இழுக்குறாரு, பாருடா!" என்று மதினி கத்தினார்.

"அக்கா, புரியுது. சிவப்புன்னு எழுத டாக்டர் கையெழுத்து வேணும். டாக்டர் வர்றதே நம்ம ஐயாவோட கார்லதான்."

"அந்தா ஆம்புலன்சு நிக்கிதுல, அதுலயாச்சும் ஏத்துங்கய்யா."

முகாமுக்கென்றே ஒரு ஆம்புலன்ஸ் வாடகைக்கு எடுத்திருந்தோம். முன்னால் இரண்டு பக்கமும் வாழைமரம் கட்டி நிறுத்தியிருந்தது.

"அதை ஐயா கொடியசைச்சுத் தொடங்கி வைக்கணும் அக்கா. கொடியும் அவுக கார்லதான் வருது."

"ஐயா எங்க வாராக?"

சசிதரன் போன் பேசினார். முகம் கொஞ்சம் மலர்ந்தது. "குச்சனூர் வந்துட்டாக. சனிக்கிழமையா இருக்கவும் சனீஸ்வரனக் கும்பிட எறங்கியிருக்காக. ஒரு நிமிஷம்தான். காக்காய்க்குச் சோறு வச்சிருக்காகளாம். காக்கா வந்து எடுத்ததும் கெளம்பிருவாக."

நாங்கள் காக்கைக்காகக் காத்திருந்தோம். மிகையாகச் சொல்லவில்லை. ஒரு மனிதன் எங்கள் காலடியில் மூச்சுக்குத் திணறிக்கொண்டிருந்தான். பத்தடி தூரத்தில் மருந்து இருந்தது. பதினேழு கிலோமீட்டருக்கு அந்தப் பக்கம் ஒரு காக்கைக்குப் பசிக்க வேண்டும் என்று ஆரஞ்சு ஜாக்கெட் போட்ட நாற்பது பேர் வேண்டிக்கொண்டு நின்றோம்.

நான் மெதுவாகக் கேட்டேன்: "சசி, ரிப்பனுக்குக் கீழ குனிஞ்சு போயிட்டா என்ன?"

"ஐயா வெட்ட வேண்டிய ரிப்பனுக்குக் கீழ நீங்க குனிஞ்சு போனா, அவுக வெட்டுறதுக்கு என்ன மதிப்பு?"

"பின்பக்கம் துணியத் தூக்கிட்டுப் போனா?" இது மலைச்சாமி.

சசிதரன் அவரைப் பரிதாபமாகப் பார்த்தார். "உள்ள ஏற்கெனவே ஆள் படுத்திருக்கிற மையத்தை எப்படி சார் திறந்து வைக்க முடியும்? அது பொய்யில்லையா?"

பொய்தான். எங்களுக்கும் அப்படித்தான் பட்டது.

அப்போது யுவராணி ஓடிவந்தார். கழுத்தில் பார்க்கிங் விசில். மதினியின் சத்தம் வேலிக்கு வெளியே கேட்டிருக்கிறது. வந்தவர் யாரையும் எதையும் கேட்கவில்லை. ஸ்ட்ரெச்சருக்குப் பக்கத்தில் மண்டிபோட்டு நாடி பார்த்தார், வாயைத் திறக்கச் சொன்னார், நெஞ்சில் காது வைத்தார்.

"பெட்டியில அட்ரினலின் இருக்கா?" என்று என்னிடம் கேட்டார்.

பட்டியலை நான் மனப்பாடம் செய்திருந்தேன். "இருக்கு. பதினாலாவது அயிட்டம்."

"எடுத்துட்டு வாங்க. தொண்டை அடைக்குது. பத்து நிமிஷம் தாங்க மாட்டாரு. நான் வெளிய ஆம்புலன்சுக்குப் போன் பண்ணிட்டேன். சின்னமனூர்லருந்து வரணும். அதுவரைக்கும் இந்த ஊசி போட்டே ஆகணும்."

நான் அசையவில்லை. சசிதரன்தான் முன்னால் வந்தார்.

"சிஸ்டர், நீங்க பார்க்கிங். ஜாக்கெட்டப் பாருங்க. பச்சை."

"ரிப்பன வெட்டுங்க சார்."

"யாரு வெட்டுறது?"

"யாராச்சும்!"

"யாராச்சும்னு பலகையில போடலையே."

யுவராணி எங்களைச் சுற்றிப் பார்த்தார். நாற்பது பேர். எல்லோரிடமும் சான்றிதழ். நான் ஜாக்கெட்டின் மூன்றாவது பைக்குள் கைவிட்டு எதையோ தேடுகிற மாதிரி நின்றேன். அதில் ஒன்றும் கிடையாது.

ராமுத்தாய் மதினி எழுந்தார். ஒரு நாளைக்கு ஆயிரம் குலை வெட்டுகிற கை. வாசலுக்குப் போய், திராட்சைக் கத்தரியால் ரிப்பனை ஒரே நறுக்காக நறுக்கிவிட்டார்.

ரிப்பன் இரண்டாகக் கீழே விழுந்தது. உடனே நாங்கள் எல்லோரும் கை தட்டினோம். ஏன் தட்டினோம் என்று கேட்காதீர்கள். பிறந்ததிலிருந்து ரிப்பன் விழுந்தால் கை தட்டிப் பழக்கம். கூடாரங்களிலிருந்து எட்டிப் பார்த்த விருந்தாளிகளும் தட்டினார்கள். சசிதரன்கூட இரண்டு தட்டுத் தட்டிவிட்டு அப்புறம்தான் நிறுத்தினார்.

அந்தக் கைதட்டலுக்கு நடுவிலேயே யுவராணி உள்ளே போய்ப் பெட்டியைத் திறந்து ஊசியை எடுத்து வந்து ஒச்சாண்டி அண்ணன் தொடையில் போட்டுவிட்டார். சிலிண்டரைத் திறந்து மூக்கில் குழாய் வைத்தார். கொஞ்ச நேரத்தில் அண்ணனுக்கு இழுப்பு குறைந்தது. கையைத் தூக்கி மதினியைத் தடவிப் பார்த்தார். மதினி அப்போதுதான் அழுதார்.

பத்து நிமிடத்தில் வெளியே சைரன் கேட்டது. சின்னமனூரிலிருந்து ஆம்புலன்ஸ் வந்துவிட்டது. ஆனால் நுழைவாயிலில் நின்ற வரவேற்புக் குழுவினருக்குச் சைரன் என்றால் ஐயா. மேளக்காரர்கள் அடிக்க ஆரம்பித்துவிட்டார்கள். தட்டில் பூ வைத்துக்கொண்டு நின்ற பெண்கள் ஆம்புலன்ஸ் மேல் பூவை வாரி இறைத்தார்கள். ஒருவர் ஓடிப்போய் டிரைவருக்கு மாலையே போட்டுவிட்டார். ஒச்சாண்டி அண்ணனை ஸ்ட்ரெச்சரில் தூக்கிக்கொண்டு நாங்கள் வெளியே வந்தபோது மேளம் உச்சத்தில் இருந்தது. மிச்சப் பூவெல்லாம் அவர் மேல் விழுந்தது.

மேளம், பூ, நாலு பேர் தூக்க நடுவில் ஒரு ஆள். மதினிக்கு எப்படி இருந்திருக்கும்!

"அடேய், நிப்பாட்டுங்கடா! எம் புருசன் உசுரோட இருக்காருடா!" என்று அவர் போட்ட கூச்சலில் மேளம் நின்றது. பூக்காரப் பெண்கள் விழுந்த பூவைப் பொறுக்கி மறுபடி தட்டில் வைத்தார்கள். ஐயாவுக்கு வேண்டுமே.

ஐயா ஐந்து மணிக்கு வந்தார். காக்கை தாமதமாகத்தான் வந்ததாம். அதற்குள் சசிதரன் ரிப்பனின் இரண்டு துண்டுகளையும் முடிச்சுப் போட்டுக் கட்டியிருந்தார். முடிச்சு தெரியாமல் இருக்க அதன் மேல் ஒரு பலூன். மருந்துப் பெட்டிக்குப் புதிதாகச் சந்தனம் குங்குமம். கட்டிலில் விரிப்பு மாற்றியாயிற்று. ஐயா வெள்ளிக் கத்திரிக்கோலால் வெட்டினார். நாங்கள் தட்டினோம். இரண்டாவது தடவை என்பதால் இன்னும் ஒழுங்காகத் தட்ட வந்தது.

உள்ளே வந்த ஐயா கட்டிலைப் பார்த்தார். "முதல் பயனாளி எங்கப்பா?" என்று கேட்டார்.

பயனாளி இல்லாமல் எந்த அரசாங்கத் திட்டமும் தொடங்கியதாகச் சரித்திரம் கிடையாது. சசிதரன் என்னைத் திரும்பிப் பார்த்தார். தலைவலிக்காரர்களுக்குத் தலைவலி போய்விட்டிருந்தது. சுளுக்குக்காரர் எண்ணெய் தேய்த்துக்கொள்ள ஊருக்குள் போய்விட்டார். வயிற்றுப்போக்குக்காரர்கள் படம் பிடிக்க ஏற்ற நிலையில் இல்லை.

என்னைப் படுக்கவைத்தார்கள். ஐயா தன் கையாலேயே என் முழங்காலில் பிளாஸ்திரி ஒட்டினார். முழங்காலில் ஒன்றுமில்லை. ஆனாலும் அவர் "வலிக்குதா?" என்று கேட்டபோது "இப்பப் பரவால்லங்கய்யா" என்று சொன்னேன். எப்படி அந்தப் பதில் என் வாயில் வந்தது என்று எனக்குத் தெரியாது. மறுநாள் பேப்பரில் படம் வந்தது. 'காயமடைந்த தன்னார்வலருக்கு அதிகாரியே நேரில் சிகிச்சை.' என் சம்சாரம் அதைப் பார்த்துவிட்டு, நான் வீட்டுக்கு வந்ததும் காலைக் காட்டச் சொன்னாள். காட்டவில்லை.

ஒச்சாண்டி அண்ணன் ஆஸ்பத்திரியில் நாலு நாள் இருந்தார். அவர் வீடு திரும்புவதற்குள் விழாக்குழு ஒரு 'உண்மை கண்டறியும் குழு' போட்டுவிட்டது. ஓர் உயிர் போக இருந்ததைப் பற்றிய விசாரணை என்று நினைத்துவிடாதீர்கள். திறப்பு விழாவுக்கு முன் ரிப்பன் எப்படி அறுந்தது என்பதுதான் விசாரணைப் பொருள். ஐயாவுடன் வந்த போட்டோகிராபர் எடுத்த படத்தில் பலூன் விலகி முடிச்சு தெரிந்துவிட்டது.

குழுவுக்குத் தலைவி ஹேமாவதி மேடம், வாரியத்தின் கண்காணிப்பாளர். யுவராணியை முதலில் கூப்பிட்டார்கள். நான் சாட்சி என்பதால் பக்கத்து நாற்காலியில் இருந்தேன்.

"நோயாளியின் உயிருக்கு ஆபத்துன்னு எழுத்துப்பூர்வமா யாராவது உங்களுக்குத் தெரிவிச்சாங்களா?"

"இல்ல மேடம். மூச்சு நின்னுக்கிட்டிருந்துச்சு."

"நின்னுக்கிட்டிருந்துச்சா, நின்னுபோச்சா?"

"நின்னுக்கிட்டிருந்துச்சு."

"அப்ப நிக்கல." மேடம் அதை எழுதிக்கொண்டார். "பார்க்கிங் பொறுப்பை யாரிடம் ஒப்படைச்சிட்டு உள்ள வந்தீங்க?"

"யாருகிட்டயும் இல்ல."

"அந்த நேரத்துல ஒரு கார் இன்னொரு கார்ல மோதியிருந்தா?"

"மோதலையே மேடம்."

"மூச்சும்தான் நிக்கல. அதுக்கு மட்டும் ஓடி வந்தீங்க?"

யுவராணி சிரித்துவிட்டார். அதுவும் குறிப்பில் ஏறியது: 'விசாரணையின்போது சிரித்தார்.'

பிறகு என்னிடம் திரும்பினார்கள். மருத்துவப் பிரிவின் தகுதி பெற்ற உறுப்பினர் என்ற முறையில், அன்று நான் கண்டது அவசரநிலைதானா என்று கேட்டார்கள். யுவராணி என்னைப் பார்த்தார். அவருக்கு வேண்டியிருந்தது ஒரு 'ஆமாம்'. நான் சொன்னேன்: "நான் டோக்கன் கொடுத்தேன் மேடம்." அவசரநிலைக்கு யாராவது டோக்கன் கொடுப்பார்களா? மாட்டார்கள். ஆகவே அது அவசரநிலை இல்லை. மேடம் மகிழ்ச்சியோடு காகிதத்தை என் பக்கம் தள்ளினார். கையெழுத்துப் போட்டேன்.

அறிக்கை வந்தது. 'விழா நாளன்று அவசரநிலை ஏதும் ஏற்படவில்லை. அவசரநிலை ஏற்படாத நிலையில், அதிகாரமற்ற நபர் ஒருவர் ரிப்பனைச் சேதப்படுத்தியதும், பார்க்கிங் தன்னார்வலர் ஒருவர் ஒரு குப்பி மருந்தைத் தேவையின்றிப் பயன்படுத்தியதும் வருந்தத்தக்கவை.' யுவராணி மூன்று வருடங்களுக்குத் தன்னார்வலர் ஆகக் கூடாது. பார்க்கிங்கிலும் கூடாது. அசம்பாவிதமே இல்லாமல் விழா நடத்தியதற்காகச் சசிதரனுக்குக் கேடயம் கொடுத்தார்கள்.

யுவராணியைத் தேனி பஸ் ஸ்டாண்டில் ஒரு நாள் பார்த்தேன். மன்னிப்புக் கேட்கத்தான் பக்கத்தில் போனேன்.

"முழங்கால் எப்படி இருக்கு?" என்று கேட்டார். பஸ் வந்ததும் ஏறிப் போய்விட்டார். இதைவிட அவர் என்னை அறைந்திருக்கலாம்.

போன வாரம் அடுத்த வருட விழாவுக்குப் பதிவு தொடங்கியது. முதல் நாளே எங்கள் சுற்றுவட்டாரத்திலிருந்து இருநூறு பேர் பதிந்துவிட்டார்கள். இந்த முறை ஜாக்கெட்டில் ஒன்பது பை என்று பேச்சு. முதல் வருட அனுபவத்தின் அடிப்படையில் படிவத்தில் ஒரே ஒரு உறுதிமொழி சேர்த்திருந்தார்கள்.

மத்தியானம் ஒச்சாண்டி அண்ணன் கடைக்கு வந்தார். முகத்தில் வீக்கமெல்லாம் வற்றி, கழுத்தில் மட்டும் கருப்பாகத் தழும்புகள் இருந்தன. பின்னாலேயே மதினியும் வந்தார்.

"தம்பி, ஒம்ம போன்ல எங்க ரெண்டு பேரையும் பதிஞ்சு விடுங்க. இந்தத் தடவ குழி தோண்டுறவுகளும் பதியணுமாம்ல."

"அண்ணே, இங்கன ஒரு உறுதிமொழி இருக்கு. வாசிக்கிறேன், கேளுங்க," என்றேன். "'திறப்பு விழா நிறைவடையும் முன் எவருக்கும் சிகிச்சை அளிக்கவோ, எவரிடமிருந்தும் சிகிச்சை பெறவோ மாட்டேன்.'"

அண்ணன் யோசித்தார். கழுத்துத் தழும்பை ஒரு தடவை சொறிந்துகொண்டார்.

"டிக் அடிச்சு விடுங்க தம்பி. நமக்குன்னு வருசா வருசமுமா கொட்டப் போகுது?"

மதினியைப் பார்த்தேன். "எல்லாரும் அடிச்சிருக்காகள்ல? நாம மட்டும் அடிக்காம விட்டா நல்லாவா இருக்கும்?" என்றார்.

இரண்டு பேருக்கும் அடித்தேன். அவர்கள் போன பிறகு என் பெயருக்கான பக்கத்தைத் திறந்தேன். இருநூறு பேரும் அந்த வரியைப் படிக்காமல்தான் டிக் அடித்திருப்பார்கள் என்று நினைக்கிறேன். நான் அப்படியில்லை. இரண்டு தடவை நிதானமாகப் படித்துப் பார்த்துவிட்டுத்தான் அடித்தேன்.